மீதி அரைப்பக்கம்

படிக்கத் தெரியாத ஒரு கடிதத்தில் என்ன இருக்கிறது என்று ஒருவரால் சரியாகச் சொல்லிவிட முடியுமா? இத்தனை வருடமாகியும் இதற்கு என்னிடம் பதில் இல்லை.

அப்போது நான் அறந்தாங்கியில் இங்கிலீஷ் மீடியத்தில் மூன்றாம் வகுப்பு. அத்தா சவூதியில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தார். வழக்கமாகத் தபாலில் வரும் அவருடைய கடிதம் முதல்முறையாக ஈமெயிலில் வந்தது. பிரவுசிங் சென்டரில் பரீட்சை ரிசல்ட் பார்க்க ஒரே கூட்டம். கடைக்காரர் அச்செடுத்த தாளைப் பார்க்காமலே அம்மாவிடம் நீட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்து பிரித்தால் பக்கம் முழுக்க இங்கிலீஷ் எழுத்து, நடுநடுவே அரைப்புள்ளிகள்.

"பாரேன், அங்கிட்டுப் போயி ஒங்க அத்தா இங்கிலீஷெல்லாம் கத்துக்கிட்டாங்க" என்று அம்மா சிரித்தார். "ஒன்னய எதுக்குப் படிக்க வைக்கிறேன்? வாசி."

ஒரு சொல்லும் விளங்கவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கம். அத்தாவின் கடிதங்கள் எல்லாம் ஸலாமில்தான் தொடங்கும், அதனால் முதல் வரி சுலபமாக வந்தது. பிறகு நலம், வெயில், எனக்கு ஒரு பொம்மை வரும் என்பதுவரை சொல்லி நிறுத்தினேன்.

"அம்புட்டுத்தானா? இன்னும் அரைப்பக்கம் கெடக்கே?"

மறுபடி விரலை வைத்தேன். சொல்ல எதுவும் மிச்சமில்லை. ஒரே எழுத்து மூன்று முறை வந்த இடத்தில் விரல் தானாக நின்றது. என் குரல் வேறு யாருடையதோ போல எனக்கே கேட்டது.

"கையில அடி பட்டிருச்சு. பயப்படாத."

"யா அல்லா! எந்தக் கையி?"

"எடது கை."

பத்து நாள் கழித்து அத்தாவின் அறையில் தங்கியிருந்தவர் போன் செய்தார். மெஷினில் மாட்டி இடது கையில் இரண்டு விரல் போய்விட்டன, இப்போது தேறிவிட்டார் என்றார். அம்மா அழவில்லை. "தெரியும் தம்பி, லெட்டர்லயே சொல்லியிருந்தாங்க" என்றார். என்றைக்கு நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. விரல்களை நான்தான் எடுத்துவிட்டேன் என்று கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தபோது பாதி விளங்கியது. கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். அத்தா சொல்லச் சொல்ல அங்கே யாரோ தமிழ் எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத எங்கள் ஊர்க் கம்ப்யூட்டர் அதே எண்களுக்கு இங்கிலீஷ் எழுத்தைக் காட்டியிருக்கிறது. தாள் என் பீரோவில் இருக்கிறது. உள்ளபடியே தட்டச்சு செய்து, இணையத்தில் இருக்கும் எழுத்துரு மாற்றியில் போட்டால் உடனே தமிழாகிவிடும். அதில் என்ன இருந்தது என்று அத்தாவிடமே கேட்டேன். "நான் என்னத்தச் சொன்னேனோ, அந்தாளு என்னத்த அடிச்சாரோ. லெட்டர் முந்தியா, வெரலு போனது முந்தியான்னே நெனப்பில்ல" என்கிறார்.

கையைப் பற்றி அதில் இருந்தால், வாசிக்க முடியாததை நான் வாசித்திருக்கிறேன். இல்லாவிட்டால், நடப்பதற்கு முன்பே சொல்லியிருக்கிறேன். எது தேவலை என்று தெரியாமல் தாளைத் தொடாமலே இருக்கிறேன்.

என் மகளுக்கு நான்கு வயது. இன்னும் எழுத்து தெரியாது. புத்தகத்தை விரித்து, விரல் வைத்து, தன் போக்கில் 'வாசிப்பாள்'. போன வாரம் என் கணவர் பைக்கில் வேலைக்குக் கிளம்பிய கொஞ்ச நேரத்தில், "அத்தா ரோட்டுல..." என்று தொடங்கினாள். பாய்ந்து போய் வாயைப் பொத்திவிட்டேன். அவர் நல்லபடியாகத்தான் திரும்பி வந்தார். ஆனால் பிள்ளை மிரண்டுவிட்டாள். அதற்குப் பிறகு எந்தப் புத்தகத்தையும் தொடவில்லை.

அந்தத் தாளை மாற்றிப் பார்க்கட்டுமா, கிழித்துவிடட்டுமா? இவளை மறுபடி வாசிக்க வைக்க நான் என்ன செய்ய வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.