நாகவள்ளி பார்த்த கல்வெட்டு

மதுரையில் கல்வெட்டியல் படித்த நாகவள்ளி, கல்யாணமாகி சவூதியின் யான்புவுக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. அல் உலா அங்கிருந்து காரில் நாலு மணி நேரம்தான். அங்கே மலையிடுக்குகளில் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய எழுத்துகள் இருக்கின்றன. ரிஃபைனரியில் டூட்டி பார்க்கும் கணவர் பாண்டித்துரையோ, "கல்லைப் பாக்கவா அவ்வளவு தூரம்? நம்மூர்ல இல்லாத கல்லா?" என்பார்.

போன ஜனவரியில் ஒருவழியாகக் கிளம்பினார்கள். அந்த எழுத்துகள் இருக்கும் இக்மா மலைக்கு மதியம் இரண்டு மணி டூர் பஸ்ஸில் அவளே டிக்கெட் போட்டிருந்தாள். வழியில் பாண்டித்துரை டீக்கு இரண்டு முறை நிறுத்தினார். ஒட்டகங்களைக் கண்டதும் இன்னொரு முறை. யானைப் பாறை முன்னால் நின்றவர், தொப்பை தெரிகிறது என்று ஏழு முறை போட்டோ எடுக்கவைத்தார்.

"மணி ஒண்ணே முக்கால் ஆச்சுங்க."

"பஸ்தானே, நிக்கும்."

நிற்கவில்லை. இவர்கள் போய்ச் சேர்ந்தபோது பஸ் கிளம்பிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

"சரி விடு. பாறையைத்தான் பாத்தாச்சுல்ல? பிரியாணி சாப்பிட்டுக் கிளம்புவோம்."

நாகவள்ளிக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. "நீங்க போய்ச் சாப்பிடுங்க. நான் வரலை" என்று சொல்லிவிட்டு டிக்கெட் கவுன்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

ஒரு மணி நேரம் கழித்து, உம்மு ஹானி என்ற கைடு அம்மாள் வந்து ஆங்கிலத்தில் சொன்னார்: "அடுத்த பஸ்ல ஒரு சீட்தான் இருக்கு."

"ஒண்ணு போதும்."

இக்மாவில் சிவந்த பாறைச் சுவர் முழுக்க எழுத்து. யாரோ ஒருவர் தன் பேரீச்சந்தோப்புக்காகக் காணிக்கை கொடுத்த செய்தி என்று உம்மு ஹானி ஒரு வரியைக் காட்டினார். நாகவள்ளி கிட்டே போய்ப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"இடம் பத்தலை. கடைசி ரெண்டு எழுத்தைக் கீழே இடுக்கி வெட்டியிருக்கான்."

உம்மு ஹானி குனிந்து பார்த்தார். "தினமும் காட்டுறேன், கவனிச்சதே இல்லை. நீங்க டீச்சரா?"

"இல்லை" என்றவள், "இதைப் படிச்சவ" என்றாள்.

திரும்பி வந்தபோது பாண்டித்துரை கொதித்துக்கொண்டிருந்தார். "போனையும் எடுக்கலை! எவ்வளவு நேரமா நிக்கிறேன் தெரியுமா?"

"தெரியும். யல்லா, கிளம்புங்க."

அடுத்த வாரமே டிரைவிங் பள்ளியில் சேர்ந்தாள். முதல் டெஸ்டில் தோற்று, இரண்டாவதில் லைசென்ஸ் வாங்கினாள். ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை விடிந்ததும், அல் உலாவை அடுத்த ஹெக்ராவின் பழங்காலக் கல்லறைகளைப் பார்க்கத் தனியாகக் கிளம்பினாள்.

"அப்போ மத்தியானச் சாப்பாடு?" என்றார் பாண்டித்துரை.

"அரிசி டப்பால இருக்கு" என்று சொல்லிவிட்டு காரை எடுத்தாள்.