டொபாகன் அட்டெண்டெண்ட்

எனக்குத் தெரியாத ஒரு சொல்லுக்குத் தெரிந்ததுபோல் பொருள் சொன்னேன். அதனால் ஒரு பையனுக்குப் பேசி முடித்திருந்த கல்யாணம் நின்றுபோனது. அகராதி என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில்தான் இருந்தது. திரும்பி எடுக்கவில்லை.

அரியலூரில் ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றபின், பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் உட்கார்ந்தேன். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்களின் அக்ரிமெண்டைப் படித்துத் தமிழில் விளக்குவது என் வேலை. லப்பைக்குடிக்காட்டிலிருந்து நிறையப் பேர் வருவார்கள். மாப்பிள்ளை வெளிநாட்டில் இருந்தால், பெண் வீட்டார் அவனுடைய அக்ரிமெண்ட் ஜெராக்ஸை வாங்கி என்னிடம் கொண்டுவருவதும் உண்டு. என் வாயால் கேட்டால்தான் அவர்களுக்கு நிம்மதி. அந்த நம்பிக்கை எனக்குத் தலைக்கேறியிருந்தது.

2006-ல் ஒருநாள், மளிகைக் கடை வைத்திருந்த காதர் பாய் அப்படி ஒரு ஜெராக்ஸோடு வந்தார். மகளுக்கு முடிவு செய்திருந்த பையன் ஜாபர், அதே ஊர், தகப்பனில்லாத பிள்ளை. துபாயில் ஒரு பெரிய கடை வளாகத்துக்குள்ளேயே செயற்கைப் பனிமலை அமைத்திருந்தார்கள். அங்கே அவனுக்குப் புது வேலை. பதவி என்ற இடத்தில் ‘டொபாகன் அட்டெண்டெண்ட்’ என்று இருந்தது.

“இது என்ன வேல சார்? பையன்ட்ட கேட்டா பனி வண்டிங்கிறான். ஒன்னும் வெளங்கல.”

எனக்கும் அதற்கு மேல் தெரியாது. நாய்கள் பனியில் வண்டி இழுக்கும் காலண்டர் படம் ஒன்று மனதில் வந்தது.

“பனியில ஓடுற வண்டிதான் பாய். மாட்டுக்குப் பதிலா நாயப் பூட்டுவாங்க. ஏழெட்டு நாய் சேந்து இழுக்கும்.”

“அப்ப இவன்?”

“அட்டெண்டெண்ட்னா பாத்துக்குறவன். நாய்க்குத் தீனி வைக்கிறது, குளிப்பாட்டுறது, அந்த மாதிரி.”

டிக்கெட் போடும் சேகர் சிரித்தான். “நம்மூர்ல சும்மா சுத்துது. அங்க சம்பளம் குடுத்து மேய்க்கிறானுவ போல.” நானும் சிரித்தேன். பாய் சிரிக்கவில்லை.

“எங்களுக்கு நாய் எச்சி பட்டாலே சுத்தமில்ல. நாள் முழுக்க நாயோட கெடந்துட்டுத் தொழுகைக்கு எப்புடி சார் நிப்பான்? வேலைய மறைச்சில்ல பொண்ணு கேட்டிருக்காங்க.”

ஜெராக்ஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் ஜாபரின் அம்மா ஜுலைகா வந்தார். நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

“எம்மவன் நாய் மேய்க்கிறான்னு நீங்கதான் சொன்னீங்களா சார்? பொண்ணு வூட்ல வேணாம்னுட்டாங்க. கடத்தெருவுல என்னைய நாய் வண்டிக்காரன் உம்மாங்குறாங்க.”

செல்போனில் மகனைக் கூப்பிட்டு என் கையில் கொடுத்தார். அங்கே எத்தனை நாய் இருக்கிறது என்று கேட்டேன்.

“நாய உள்ளயே வுட மாட்டாங்க சார். அது சும்மா பலக. புள்ளைங்க மேலேருந்து உக்காந்து சறுக்கிட்டு வருங்க. வந்த பலகையக் கயித்தப் புடிச்சு இழுத்துட்டுப் போயி மறுபடி மேல வைக்கணும்.”

“யாரு இழுக்குறது?”

“நான்தான் சார்.”

அதற்குப் பிறகுதான் அகராதியை எடுத்தேன். சொல்லின் வேரைத் தேடி நூலகத்துக்கும் போனேன். கனடாவின் கிழக்குப் பகுதியில் வாழும் மிக்மாக் பழங்குடியினரின் மொழியில் பிறந்த சொல். பிரெஞ்சுக்காரர்கள் வாயில் புகுந்து ஆங்கிலத்துக்கு வந்திருக்கிறது. முன்பக்கம் மேல்நோக்கி வளைத்த மெல்லிய பலகை. வேட்டையாடிய இறைச்சியையும் கூடாரச் சாமான்களையும் அதில் கட்டி, பனிமேல் மனிதர்களே இழுத்துப் போயிருக்கிறார்கள். சில இடங்களில் நாயும் பூட்டினார்களாம். அந்த வரியைப் படித்ததும், நான் சொன்னது முழுப் பொய்யில்லை என்று மனம் சமாதானம் சொல்லப் பார்த்தது. ஆனால் ஜாபர் நின்ற இடத்தில் நாய் இல்லை. பாயிடம் பொருள் சொல்லுமுன் அதை நான் யாரிடமும் கேட்கவில்லை.

லப்பைக்குடிக்காட்டுக்குப் பஸ் ஏறினேன். காதர் பாய் கடையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே சொன்னேன். “பாய், நான் தெரியாமச் சொல்லிட்டேன். அங்க நாயே கெடையாது. பையன் ஒன்னும் மறைக்கல. தப்பு என்னோடது.”

பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசைக் கீழே வைத்தார்.

“வேற எடத்துல வாக்குக் குடுத்தாச்சு சார். இனி திருப்ப முடியாது.” தராசை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, “தெரியலன்னு அன்னிக்கே சொல்லிருந்தா, அவன்ட்டயே நல்லாக் கேட்டிருப்பேன்ல?” என்றார்.

ஜுலைகா வீட்டுக்கும் போனேன். கடையில் பேசியது எனக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. “சொன்னாங்க. சரி சார்” என்றார். கதவைச் சாத்தவில்லை. உள்ளே வாங்க என்றும் சொல்லவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான். அகராதியை மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள். ‘தெரியலீங்க, பாத்துச் சொல்றேன்’ என்று அதன்பின் நான் எத்தனையோ பேரிடம் சொன்னேன். யாரும் என்னை மட்டமாக நினைக்கவில்லை.

மறு ஆண்டு ஜாபர் விடுப்பில் வந்தான். வேறு கம்பெனி அக்ரிமெண்டோடு டிக்கெட் போட ஆபீசுக்கு வந்து, எனக்கு வணக்கம் சொன்னான். அகராதியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு கையை நீட்டினேன்.

“குடு தம்பி, படிச்சுச் சொல்றேன்.”

“வேணாம் சார்,” என்றான் மரியாதையாக. “வேற ஒருத்தர்ட்ட கேட்டுக்கிட்டேன்.”