அண்ணன் கனடாவில் செய்த ஆயுத பூஜை

எங்கள் அண்ணன் பிறந்தது கீழ்பென்னாத்தூரில். அப்பா வேன் ஓட்டியவர். ஆயுத பூஜையன்று வேனைக் கழுவிப் பொட்டு வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு மூன்று முறை சுற்றி வருவார். அண்ணனும் பின்னாலேயே சுற்றுவார். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்து, கல்யாணமாகி, அண்ணியையும் கைக்குழந்தையையும் திருவண்ணாமலையில் எங்களிடம் விட்டுவிட்டுக் கனடாவுக்குப் போனார்.

அங்கே அவருடைய பட்டத்தை யாரும் சட்டை செய்யவில்லை. கிடங்கில் பெட்டி தூக்கினார். அம்மா மட்டும் கேட்டவர்களிடமெல்லாம் "என் பையன் இன்ஜினியரு" என்றே சொல்லிவந்தார். ஒருவழியாகக் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டும் வேலை கிடைத்தது, அதுவும் தற்காலிகமாக. நிரந்தரமானால்தான் அண்ணியையும் குழந்தையையும் அழைத்துக்கொள்ள முடியும். வீடே அதற்காகக் காத்திருந்தது.

அந்த நேரம் பார்த்து ஆயுத பூஜை வந்தது. அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? வேலை தொடங்குமுன் பாதுகாப்பு ஷூவைக் கழற்றிவிட்டு, தகடு அழுத்தும் அத்தனை பெரிய பிரஸ் மெஷினை வெறுங்காலோடு சுற்றினார்! சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். அப்போதே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

"உனக்கு புத்தி கித்தி இருக்காண்ணா? அண்ணி இங்க பொட்டிய கட்டி வச்சிட்டு உக்காந்திருக்காங்க!" என்று போனில் கத்தினேன்.

"ஷூவோட எப்படிம்மா சுத்தறது?" என்றார் பாவமாக. "ஆனா மெஷினுக்குப் பின்பக்கம் போறப்ப கால்ல வெதுவெதுன்னு எண்ணெய் பட்டுது. எங்கியோ கசியுது. சொல்லிட்டுதான் வந்தேன்."

கசிவு உண்மைதான். விட்டிருந்தால் தீப்பிடித்திருக்குமாம். அண்ணனைத் திரும்பக் கூப்பிட்டு, ஷூவுக்காக ஒரு எச்சரிக்கையும், எண்ணெய்க்காக நிரந்தர வேலையும் கொடுத்தார்கள். அண்ணி குழந்தையோடு விமானம் ஏறினார். நாளடைவில் அண்ணன் அங்கேயே உற்பத்திப் பிரிவு இன்ஜினியரானார். மெஷினைச் சுற்றிப் பார்த்த பிறகே ஸ்விட்ச் போடுவது அவரால் அங்கே வழக்கமாயிற்று.

நோய் வந்ததும் ஊருக்குத் திரும்பினார். கிரிவலம் நடக்க முடியாமல் ஆட்டோவில் சுற்றியபோதும் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஆட்டோலதானே வர்ற, அப்புறம் என்னண்ணா?" என்றேன்.

"இருக்கட்டும்மா" என்றார்.

கடைசிவரை அண்ணனைக் கண்ணும் கருத்துமாய்ப் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், மருத்துவர்களுக்கும், மலையைப் பொறுமையாகச் சுற்றிக்காட்டிய ஆட்டோக்காரருக்கும், தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறோம். இன்னும் ஒருவர் இருக்கிறார். அண்ணன் மறைந்த செய்தி போனதும் தொழிற்சாலையில் எல்லோரும் அந்தப் பிரஸ்ஸை மூன்று முறை சுற்றினார்களாம். அன்று அண்ணனை வீட்டுக்கு அனுப்பிய அதே சூப்பர்வைசர் மட்டும் ஷூவைக் கழற்றிவிட்டுச் சுற்றினாராம். அங்கே கூட வேலை செய்தவர்கள் அண்ணியிடம் போனில் சொல்லி அழுதிருக்கிறார்கள். அந்த சூப்பர்வைசரை யாரும் வீட்டுக்கு அனுப்பியிருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். அவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.