எல். பெட்டிஃபோர்டு, எம்.ஏ.

கல்லறைக் கல்லில் "எல். பெட்டிஃபோர்டு" என்று மட்டும் வெட்டச் சொன்னது நான்தான். முழுப்பெயர் போட்டால்தான் அழகு என்றார் பாதிரியார். அவர் இந்த ஊருக்குப் புதியவர்.

அலபாமாவில் எங்கள் ஊரில் பெட்டிஃபோர்டு டீச்சரின் முதல் பெயர் வெகுகாலம் யாருக்கும் தெரியாது. பாங்கிலும் தபாலாபீசிலும் எல் என்று ஒற்றை எழுத்துதான். காரணம் எல்லோருக்கும் தெரியும். பெயர் தெரிந்துவிட்டால் மீசை முளைக்காத வெள்ளைக்காரப் பையன்கூடக் கடைத்தெருவில் அதைச் சொல்லிக் கூப்பிடுவான். அவர்கள் வீட்டுப் பெண் என்றால் திருமதி இன்னார். கறுப்பரான எங்கள் பெண்கள் எண்பது வயதிலும் வெறும் பெயர்தான். டீச்சர் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

அவருடைய அப்பா வெள்ளைக்காரர் நிலத்தில் வாரத்துக்குப் பருத்தி பயிரிட்டவர். பருத்தி எடுக்கும் மாதங்களில் பள்ளி கிடையாது. மிச்ச மாதங்களில் படித்தே டீச்சர் ஆனார். வறுத்த மீன் விற்று நாங்கள் குளிர்காய அடுப்பு வாங்கிப் போட்ட கறுப்பர் பள்ளியில்தான் வேலை. மேலே படிக்க ஆசைப்பட்டபோது, கறுப்பரைத் தன் பல்கலைக்கழகத்தில் சேர்க்க மனமில்லாத அலபாமா அரசு, செலவுக்குப் பணம் கொடுத்து நியூயார்க்குக்கு அனுப்பியது. கோடைதோறும் ரயிலேறிப் போய் எம்.ஏ. வாங்கினார்.

"என்னை உள்ள விடாம இருக்கறதுக்கு என்ன தாராளம் பாரு!" என்று சிரிப்பார்.

ஒவ்வொரு ஆகஸ்டிலும், பள்ளி திறக்கும் முன் டீச்சர் வீடு வீடாக வருவார். எங்கள் பள்ளியில் அதுதான் வழக்கம். 1970 ஆகஸ்டிலும் வந்தார். அந்த வருடம் கோர்ட் உத்தரவுப்படி வெள்ளையர் பள்ளி, எங்கள் பள்ளி இரண்டும் ஒன்றாகின்றன. ஒன்றாவது என்றால் எங்களுடையதைப் பூட்டுவது என்று அர்த்தம். என் மகள் ஆர்லீத்தாவுக்கு அப்போது எட்டு வயது.

"இவள டெட்ராய்ட்ல அக்கா வீட்டுக்கு அனுப்பிடலாம்னு இருக்கேன் டீச்சர்," என்றேன். "அந்தப் பள்ளிக்கூடத்துல இவள யாரு மனுஷியா மதிப்பா?"

"இத்தனை வருஷம் கேஸ் நடத்தினது பிள்ளைங்கள டெட்ராய்ட்டுக்கு பஸ் ஏத்தவா, ஓடெல்?"

"அங்க நீங்க இருப்பீங்களா? அத மட்டும் சொல்லுங்க."

"இல்லாம எங்க போவேன்? பிள்ளைங்க போற எடத்துக்கு டீச்சரும் வரணும்ல?"

நான் வைத்த கேக்கைத் தின்றுவிட்டு, அடுத்த வீட்டுக்கும் அதே வாக்கைக் கொடுக்கப் போனார். அவரை நம்பி நான் பெட்டியைப் பிரித்து மகளின் துணிகளை எடுத்து மடித்து வைத்தேன்.

தீர்ப்பு என்ன சொன்னாலும், வேலை போடுவது வெள்ளையர் நடத்தும் கல்வி வாரியத்தின் கையில்தானே. எங்கள் ஆசிரியர்களில் இளசாக இரண்டு பேரை எடுத்துக்கொண்டார்கள். டீச்சருக்கு இடமில்லை. அந்தக் கட்டடத்துக்குள் வேறு எந்த வேலையாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். மதியச் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாற ஆள் வேண்டும் என்று நக்கலாகச் சொன்னார்கள். சரி என்றுவிட்டார்.

கேள்விப்பட்டதும் நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

"எம்.ஏ. படிச்சிட்டு கரண்டி பிடிக்கப் போறீங்களா? புத்தி கெட்டுப் போச்சா உங்களுக்கு?"

"இருப்பேன்னு சொல்லிட்டனே, ஓடெல். ஒரு வீடு விடாம சொல்லியிருக்கேன்."



முதல் நாளே சாப்பாட்டுக் கூடத்தின் வெள்ளைக்கார மேற்பார்வைக்காரி மிசஸ் ஹட்டோ ஏப்ரனில் பெயர் தைக்கக் கேட்டாளாம். கூட வேலை பார்த்த எங்கள் சர்ச் சபைப் பெண்தான் வந்து சொன்னாள்.

"மிஸ் பெட்டிஃபோர்டுன்னு தைங்க," என்றிருக்கிறார் டீச்சர்.

"மிஸ் எல்லாம் கிளாஸ்ல நிக்கிறவங்களுக்கு. இங்க பேரு மட்டும்தான். உன் பேரு என்ன, சொல்லு."

பின்னால் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றிருந்தார்கள். டீச்சர் சொன்னார். மறுநாள் அவர் நெஞ்சில் சிவப்பு நூலில் இருந்தது: லுவீனியா. அத்தனை வருடம் பொத்திக் காத்த பெயரை ஒரே நாளில் பள்ளிக்கூடம் முழுக்கப் படித்தது.

அக்டோபரில் ஒரு ஞாயிறு. சபை முடிந்ததும் டீச்சரை வற்புறுத்தி எங்கள் வீட்டுக்குச் சாப்பிட அழைத்து வந்தேன். கோழி வறுத்திருந்தேன். பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆர்லீத்தா காலி டம்ளரை நீட்டினாள். முகத்தில் குறும்புகூட இல்லை.

"லுவீனியா, இன்னும் கொஞ்சம் பால் ஊத்து."

என் கை ஓங்கிவிட்டது. டீச்சர் எழுந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அடிக்காத. பள்ளிக்கூடத்துல எல்லாப் பிள்ளைங்களும் அப்படித்தான் கூப்பிடுது. இவளும் கத்துக்கிட்டா."

பால் ஜாடியை எடுத்து, ஒரு சொட்டும் சிந்தாமல் அவளுக்கு ஊற்றினார்.