பூட்டைக் கழற்றச் சொன்னவள்

சங்கரன்கோவில் பக்கமிருந்து பிழைக்க வந்த விஜயராணி, நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்தாள். ஷிப்டு தொடங்கியதும் அங்கே பின்கதவைப் பூட்டிவிடுவார்கள். 2007 கோடையில் வேஸ்ட் துணி மூட்டையில் தீப்பிடித்தது. எல்லோரும் முன்வாசலுக்கு முண்டியடித்ததில், பக்கத்து மெஷின் சின்னத்தாய் விழுந்து மிதிபட்டுக் கை ஒடிந்தாள். தீ அணைந்தது. மறுநாளும் பின்கதவில் பூட்டு தொங்கியது.

தொழிலாளர் சங்கத்து நிர்மலா விசாரிக்க வந்தபோது விஜயராணி மட்டும்தான் வாய் திறந்தாள்.

"உங்க பேரு போடாம எழுதிக்கறேனுங்க அக்கா," என்றாள் நிர்மலா.

"பேரில்லாம சொன்னா யாரு நம்புவா? போட்டோவும் எடுத்துக்கிடுங்க."

நிர்மலா அதை ஆங்கிலத்தில் எழுதி, பிரவுசிங் சென்டரிலிருந்து இணையத்தில் ஏற்றினாள். அந்தக் கம்பெனியின் பனியன்கள் விற்கும் வெளிநாட்டில் கல்லூரிப் பிள்ளைகள் படித்தார்கள், ஒருவருக்கொருவர் அனுப்பினார்கள். 'இந்தக் கடையில் இனி வாங்க மாட்டோம்' என்று ஆயிரக்கணக்கானோர் கிளம்பிவிட்டார்கள். மிரண்டுபோன அந்த வெளிநாட்டுக் கடைக்காரர்கள், நல்லூர் கம்பெனிக்கு இனி ஆர்டரே இல்லை என்று கைகழுவப் பார்த்தார்கள்.

"எங்க சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே!" என்று கூட வேலை பார்க்கும் கருத்தம்மா எல்லோர் முன்னாலும் கத்தினாள். மத்தியானம் விஜயராணி பக்கத்தில் யாரும் சாப்பிட உட்காரவில்லை.

சூப்பர்வைசர் சுப்பண்ணன் தணிவாகத்தான் பேசினார். "நீ சொன்னது பொய்யின்னு ஒரு வார்த்தை சொல்லீரு கண்ணு. ஆர்டரு கைவிட்டுப் போகாது."

"சின்னத்தாய் கை ஒடிஞ்சது பொய்யா அண்ணாச்சி?"

அன்று வீட்டுக்குப் போய் அழுதாள். விடிந்ததும் நிர்மலாவைத் தேடிப் போனாள். "வாங்காதீகன்னு நானா சொன்னேன்? அவுக ஓடிட்டா இந்தப் பூட்டை யாரு கழட்டுவா? எங்ககிட்டயே வாங்கணும், கதவைத் திறக்கச் சொல்லி வாங்கணும். இதையும் எழுதுங்க."

அதுவும் போய்ச் சேர்ந்தது. பிள்ளைகள் தங்கள் கோரிக்கையை மாற்றினார்கள்: விட்டுவிட்டு ஓடாதே, சரிசெய். கடையின் ஆட்கள் நல்லூருக்கே வந்து பார்த்தார்கள். பூட்டு போனது, மாடியிலிருந்து இறங்க வெளிப்பக்கம் இன்னொரு படிக்கட்டும் வந்தது. ஆர்டரும் கைவிட்டுப் போகவில்லை. கை குணமானதும் சின்னத்தாய் பழைய மெஷினுக்கே திரும்பினாள்.

எல்லாம் மாறிவிடவில்லை. ஓவர்டைம் குறையவில்லை. கருத்தம்மா பேசவே ஆறு மாதமானது. உள்ளூருக்குத் தைக்கும் அடுத்த தெருக் கம்பெனிகளில் பூட்டைக் கழற்றச் சொல்லிக் கேட்க எந்த வெளிநாட்டுப் பிள்ளையும் இல்லை. விஜயராணி ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தெருவுக்குப் போய், அங்கே வேலை பார்க்கும் பெண்களிடம் பேசத் தொடங்கினாள்.