மூன்றாம் மாடிப் பரீட்சை

முப்பத்தோரு வருடமாக இமயமலையை விற்றுப் பிழைக்கிறேன். ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. எங்கள் சுற்றுலா அலுவலகத்தில் திட்டம் போடுவது என் வேலை. எந்த விடுதியில் லிஃப்ட் உண்டு, எந்த வளைவில் கழிப்பறைக்கு வண்டி நிற்கும், எல்லாம் நாற்காலியில் இருந்தபடியே எனக்கு அத்துப்படி. அலுவலகத்தில் எனக்குப் பனிக்கரடி என்று பெயர். உடம்பையும் சேர்த்துத்தான் வைத்திருப்பார்கள்.

இந்த வருடம் ஒரு குழுவை என்னையே கூட்டிக்கொண்டு போகச் சொன்னார் முதலாளி. அறுபத்தைந்து தாண்டிய எட்டுப் பேர், அவசரமில்லாத பயணம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஸ்வெட்டர், கோட்டு, குல்லா எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன்.

"ஏங்க, ஃபேனையாவது போட்டுக்கிட்டு நில்லுங்க" என்றாள் மனைவி.

வயதானவர்களுக்கென்று நானே வகுத்த பரீட்சை ஒன்று உண்டு. மூன்றாம் மாடி அலுவலகத்துக்குப் பேசிக்கொண்டே படியேற வேண்டும். பேச்சு நின்றால் மலை கிடையாது. கூட ஏறுவது வரவேற்பில் இருக்கும் பெண். நான் லிஃப்டில் போய்த் தீர்ப்பு மட்டும் சொல்வேன். இந்த முறை, கூட்டிப்போகிறவனே ஏறுவான் என்று வீறாப்பாக அறிவித்துத் தொலைத்தேன்.

முதலில் வந்தவர் எழுபத்திரண்டு வயது ஓய்வுபெற்ற நர்ஸ். முதல் மாடி வரை மருமகனைத் திட்டிக்கொண்டு வந்தார். இரண்டாம் மாடியில் அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் என் பதில் "ம்". அதற்கு மேல் அதுவும் வரவில்லை. சுவரில் மாட்டியிருந்த தீயணைப்புக் கருவியின் குறிப்பை ஆழ்ந்து படிப்பவன்போல நின்றேன்.

"தம்பி, முதல்ல உக்காருங்க." படியிலேயே உட்கார வைத்து நாடி பார்த்தார். "பரீட்சை எனக்கா, உங்களுக்கா?"

"முதலாளிகிட்ட சொல்லிடாதீங்கம்மா. வேற ஆளைப் போட்டுடுவாரு. முப்பத்தோரு வருஷம்... ஒரே ஒரு தடவை பாக்கணும்."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. இந்த வயதில் மாடிப்படியில் உட்கார்ந்து அழுவது வெட்கமாக இருந்தது.

"டாக்டரைப் பாருங்க. அவர் சரின்னா, தினம் காலையில வரேன், சேர்ந்து ஏறலாம். இன்னும் மூணு மாசம் இருக்கில்ல?"

டாக்டர் ஆயிரத்தெட்டு நிபந்தனையோடு சம்மதித்தார். மெதுவாக ஏற வேண்டும், நடுநடுவே ஓய்வெடுக்க வேண்டும். திட்டத்தில் மூன்று ஓய்வு நாட்களைச் சேர்த்தேன். கிளம்பும் முன் எட்டுப் பேரையும் அழைத்து நடந்த கூட்டத்தில் முதலாளி அதைக் கையில் எடுத்தார்.

"பத்து நாள் பதிமூணு ஆயிடுச்சே! யாருக்கு இவ்வளவு ஓய்வு?"

மற்றவர்களிடம் நர்ஸம்மா எப்போது பேசினாரோ, எனக்குத் தெரியாது.

"எனக்குத்தான் சார், மூட்டு வலி" என்று முதலில் கை தூக்கியவர் எழுபத்தெட்டு வயது ஓய்வுபெற்ற தபால்காரர். தினமும் விடியற்காலையில் எட்டு கிலோமீட்டர் நடக்கிறவர்.