நான் ஜெயித்த ஞாயிற்றுக்கிழமை

மூன்று வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். ஊருக்கெல்லாம் போகவில்லை. வீட்டில் வீடியோ கேம் விளையாடினேன்... அதன் பிறகு எழுத முடியவில்லை.

என் கணவர் தரணேந்திரனுக்கு செஞ்சியில் விதைக் கடை. வயது நாற்பத்தாறு. கடையில் பேச்சு மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, உளுந்து. வீட்டுக்கு வந்தால் ஒரே பேச்சு – சண்டை கேம்.

அவர் ஆளும் என் ஆளும் டிவியில் உதைத்துக்கொள்ள வேண்டும். கல்யாணமான புதிதில் அவர்தான் கற்றுக்கொடுத்தார். அப்புறம் அந்த கேமுக்குக் கெட்ட காலம். அடுத்தடுத்து வந்த இரண்டு பாகமும் சொதப்பல். பழைய ஆட்களைத் தூக்கிவிட்டு யார் யாரையோ கொண்டுவந்தார்கள். பிறகு பல வருஷம் புதுப் பாகம் என்ற பேச்சே இல்லை. இனி அவ்வளவுதான் என்று இவரே கன்ட்ரோலரைப் பரணில் போட்டுவிட்டார்.

திடீரென்று ஒரு புதுப் பாகம் வந்தது. பழைய ஆட்கள், பழைய அடி, புது வேகம். விட்டுப்போனவர்கள் எல்லாம் திரும்பி வந்தார்கள். இவரும்தான். ஞாயிறு மதியம் சாப்பிட்டதும் புதுசாக வாங்கிய கன்ட்ரோலரில் ஒன்றை என்னிடம் நீட்டுவார். நான் தோற்பேன். பதினேழு வருஷத்துக்கு முன்பு தொடங்கிய பழக்கம், எதற்கு மாற்றுவது?

அந்த ஞாயிறு அமாவாசை. முதல் ஆட்டம் வழக்கம்போல அவருக்கு. இரண்டாவது எனக்கு! நம்புவீர்களா? என் ஆள் கையைத் தூக்கி நிற்பதை செல்போனில் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். மூன்றாவதும் எனக்கு. நாலாவதும்.

வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கிறாரோ? இவரா?

"இன்னா இது... லெஃப்ட் சைடு எடுக்கவே மாட்டேங்குது. கன்ட்ரோலர் போயிடுச்சு," என்றார்.

என்னுடையதைக் கொடுத்துவிட்டு அவருடையதை வாங்கிக்கொண்டேன். அது என் கையில் ஜோராக வேலை செய்தது. அவர் ஆள் மட்டும் நின்ற இடத்திலேயே அடி வாங்கிக்கொண்டிருந்தான்.

திரும்பிப் பார்த்தேன். அவருடைய இடது கட்டைவிரல் பட்டன் பக்கமே இல்லை. கை மடியில் சும்மா கிடந்தது. அது அவருக்குத் தெரியவும் இல்லை.

பக்கவாதமாக இருக்குமோ? "ஏங்க, ரெண்டு கையையும் தூக்குங்க" என்றேன். வலது கை எழுந்தது. இடது கை பாதி வந்து சரிந்தது.

"தூக்கிட்டேனே," என்றார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

எதிர்வீட்டு சேகர் வாடகைக் கார் ஓட்டுகிறவர். அவர் வண்டியிலேயே விழுப்புரத்துக்குக் கிளம்பினோம். கூட்ரோட்டில் அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற ஸ்பெஷல் பஸ்கள் வரிசை கட்டி நின்றன. கார் ஒரு அடி நகரவில்லை. இவரோ என் மேல் சாய்ந்துகொண்டு குழறலாகச் சொல்லிக்கொண்டே வந்தார் – கன்ட்ரோலர் பில் பீரோவில் இருக்கிறதாம், வாரண்டி இருக்கிறதாம், மாற்றிக் கொடுப்பார்களாம். தன் கை விழுந்ததே தெரியாத மனுஷனிடம் என்ன சொல்வது? சரிங்க, மாத்திக்கலாம் என்றேன். என் வாழ்நாளில் அப்படிப் பயந்ததில்லை.

சேகர் இறங்கி ஓடி ஒரு பஸ் டிரைவரிடம் ஏதோ சொன்னார். அந்த டிரைவர் எட்டி எங்கள் காருக்குள் பார்த்தார். உடனே பஸ்ஸைப் பின்னால் எடுத்தார். வழி கிடைத்தது.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ரத்தம் கட்டி அடைத்திருக்கிறதாம். டாக்டரம்மா ஒரே கேள்விதான் கேட்டார்.

"கடைசியா நல்லா இருந்தது எத்தனை மணிக்கு? கரெக்டா சொல்லுங்க."

கட்டியைக் கரைக்கிற ஊசியைச் சில மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். நேரம் தாண்டியிருந்தால் ஊசியே ஆபத்தாம். குத்துமதிப்பாகச் சொல்கிற விஷயமா இது? சாப்பிட்டது எப்போது, உட்கார்ந்தது எப்போது... ஒன்றும் ஞாபகமில்லை. அப்போதுதான் தம்பிக்கு அனுப்பிய படம் நினைவுக்கு வந்தது. மூன்று பன்னிரண்டு என்று காட்டியது.

"டாக்டர், இதுக்கு முந்தின ஆட்டம் அவர்தான் ஜெயிச்சார்," என்றேன். போனை வாங்கிப் பார்த்தார். ஒரு ஆட்டம் எவ்வளவு நேரம் என்று கேட்டார். அஞ்சு நிமிஷம்கூட இல்லை என்றேன். அடுத்த பத்தாவது நிமிஷம் ஊசி ஏறியது.

இப்போது வீட்டில் இருக்கிறார். நடக்கிறார், பேசுகிறார். இடது விரல்கள் மட்டும் கொஞ்சம் மெதுவாக வருகின்றன. கேம் விளையாடலாம், விரலுக்கு நல்லது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். முகம் தெரியாதவர்களோடு ஆன்லைனில் விளையாடித் தோற்றுக்கொண்டிருக்கிறார். போன ஞாயிறு எனக்கும் ஒரு கன்ட்ரோலரை நீட்டினார். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி எழுந்துவிட்டேன். பால் எல்லாம் இல்லை. ஜெயித்துவிடுவேனோ என்கிற பயம்தான்.

உங்கள் வீட்டிலும் எப்போதும் ஜெயிக்கிறவர் ஒருவர் இருப்பார். அவர் திடீரென்று தோற்றால், கைதட்டும் முன்பு அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.